ஊருக்குத் திரும்பலாமா? மும்பைத் தமிழர்கள் போடவேண்டிய கணக்கு

"பேசாமல் ஊருக்கே போய்விடலாமா?" என்ற கேள்வி மும்பைத் தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் முடியும்போதும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடும்போதும், வீட்டுப் பெரியவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும்போதும் அது தவறாமல் எழும். தாராவியில் 2024 மார்ச்சில் மறுமேம்பாட்டுத் திட்டத்துக்கான வீட்டுக் கணக்கெடுப்பு தொடங்கிய பிறகு, என்றோ ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்த கேள்விக்கு உடனே விடை தேடவேண்டியதாகிவிட்டது. பெரும்பாலும் இந்தப் பேச்சு ஒரு கூட்டல் கழித்தலில் முடிந்துவிடுகிறது: இங்கே வாடகை இவ்வளவு, திருநெல்வேலியில் இவ்வளவு, இங்கே பள்ளிக் கட்டணம் இவ்வளவு, அங்கே இவ்வளவு, மாதம் இத்தனை ஆயிரம் மிச்சம். தொகைகள் சரியாகவே இருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு குடும்பம் முழுவதையும் ஒரே ஆளாகப் பாவிக்கிறது. அதுவும் ஒரு மாதத்தை மட்டுமே பார்க்கிறது. ஊர் மாறும்போது ஒரே வீட்டில் ஒருவருக்கு ஆதாயமும் இன்னொருவருக்கு நட்டமும் வருகின்றன. அதோடு, ஒரு குறிப்பிட்ட இடத்தில் இத்தனை ஆண்டு இருந்தால்தான் உண்டு என்ற சில உரிமைகளும் இருக்கின்றன. அவற்றைக் கைவிட்டால் பிறகு பணம் கொடுத்தும் மீட்க முடியாது. முடிவை இந்த இரண்டையும் வைத்துத்தான் எடுக்கவேண்டும். வாடகை கடைசியில் வரட்டும்.

மும்பையில் வாடகை ஏன் இவ்வளவு அதிகம்? வாசலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எத்தனை வகைப் பிழைப்பு கிடைக்கிறதோ அதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை. தாராவியே இதற்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழ்நாட்டிலிருந்து, குறிப்பாகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து, தோல் பதனிடும் வேலைக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் 1887இல் கட்டிய பெரிய பள்ளிவாசலும், ஆதிதிராவிடர்கள் 1913இல் எழுப்பிய பிள்ளையார் கோயிலும் அந்தக் குடியேற்றத்தின் அடையாளங்கள். 1971இல் ஆடு மாடு வெட்டும் கூடம் பாந்திராவிலிருந்து தேவ்னாருக்கு மாறியது. பதனிடும் தொழிலும் மெல்லச் சுருங்கியது. ஆனால் அந்த மக்கள் ஊர் திரும்பவில்லை. பை, பெல்ட் தைக்கும் பட்டறைகள் வந்தன. பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து உருக்கும் வேலை வந்தது. விடியுமுன் இட்லி அவித்து நகரமெங்கும் விற்பனைக்கு அனுப்பும் வீடுகள் பெருகின. ஒரு தொழில் போனால் அடுத்ததைப் பற்றிக்கொள்ளலாம் என்ற இந்த வசதியைச் செலவுக் கணக்கில் எழுத முடியாது. அதனால் அதை யாரும் எழுதுவதும் இல்லை.

இந்த வசதியால் அதிகம் பயன்பெறுபவர்கள் பெண்கள். ஆணின் வேலையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஊரில் கிடைக்கும் சம்பளம் குறைவு, செலவும் குறைவு, சரிக்குச் சரி என்று தோன்றும். அதே வீட்டில் மனைவி இட்லிக்கு மாவு அரைத்தோ, முறுக்குச் சுற்றியோ, இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டறையில் தைத்தோ தனியாகச் சம்பாதித்திருப்பார். தென்மாவட்டச் சிற்றூரில் வீட்டோடு செய்யும் வேலை என்றால் பெரும்பாலும் பீடி சுற்றுவதுதான், கூலியோ சொற்பம். இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்பது உண்மை, பெருமைக்குரியதும்கூட. ஆனால் அந்த வேலைகள் திருப்பூர், கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் குவிந்திருக்கின்றன. திரும்ப நினைப்பவர்களின் சொந்த ஊர்களோ தாமிரபரணிக்கரையில் இருக்கின்றன. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது மும்பையிலிருந்து ஏராளமான தமிழ்த் தொழிலாளர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வேலை மறுபடி தொடங்கியதும் பலர் அடுத்த ரயிலைத் தேடினார்கள். பெருந்தொற்றுக் காலத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது என்று ஒருவர் மறுக்கலாம்; நியாயமான மறுப்பு. ஆனாலும், வாடகையே கொடுக்க வேண்டாத சொந்த வீட்டிலிருந்தும் அவர்கள் திரும்பிவந்தார்கள் என்றால், வாடகைதான் பிரச்சினை என்ற எண்ணத்தை நாம் மறுபரிசீலனை செய்தாக வேண்டும்.

அடுத்தது சாதி. இதை நாசூக்காக ஒதுக்கிவிட்டு இந்தத் தலைப்பில் எழுதுவது வாசகருக்குச் செய்யும் துரோகம். தாராவித் தமிழரில் பெரும்பகுதியினர் நெல்லைப் பக்கத்து ஆதிதிராவிடக் குடும்பங்கள். அவர்களின் முன்னோர் கூலிக்காக மட்டும் ரயில் ஏறவில்லை. எந்தத் தெரு என்று கேட்டு ஆளை எடைபோடும் வழக்கத்திலிருந்து தப்பிக்கவும் ஏறினார்கள். அந்த வழக்கம் ஒழிந்துவிட்டதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் தடுக்கவந்த அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை, மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதி வரை களையவேண்டிய பலவற்றைச் சுட்டியது. மும்பையிலும் சாதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பிராமணக் குடும்பங்கள் மாட்டுங்காவிலும் ஆதிதிராவிடர்கள் பக்கத்திலேயே தாராவியிலுமாகத் தமிழர்கள் பிரிந்து குடியேறியதில் சாதிக்கும் பெரும் பங்குண்டு. 1966இல் சிவசேனை தொடங்கியபோது தென்னிந்தியர் அனைவரும் வசைக்கும் அடிக்கும் ஆளானார்கள். ஆனால் பட்டறைக்காரரும் பஸ் கண்டக்டரும் இங்கே சாதியைக் கேட்டுவிட்டு வேலையோ டிக்கெட்டோ தருவதில்லை. பதினைந்து வயதுவரை தாராவியில் வளர்ந்த பிள்ளையை நெல்லை மாவட்டப் பள்ளி ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெற்றோர், அந்தப் பிள்ளைக்குப் பழக்கமே இல்லாத ஓர் ஒழுங்குக்குள் அதை அனுப்புகிறார்கள். அப்பாவுக்கு ஊர் என்பது பிறந்த மண். பிள்ளைக்கு அது முன்பின் தெரியாத இடம்.

ஆனால் இதே பிள்ளையின் கணக்கில் எதிர்ப்பக்கமும் கனமாக இருக்கிறது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ அறிவிக்கப்பட்டவர் வேறு மாநிலத்தில் குடியேறினால் அங்கே அந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது. ஆந்திரத்திலிருந்து சிறுவயதில் மும்பைக்கு வந்து இங்கேயே படித்த ஒரு பழங்குடி மாணவர் மருத்துவக் கல்லூரி இடத்துக்காகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990இல் இப்படித் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தின் சாதிச் சான்றிதழ் பற்றிய 1994ஆம் ஆண்டு வழக்கிலும், 2018இல் ஐந்து நீதிபதிகள் அமர்விலும் அதே நிலை உறுதியானது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வசித்தது என்பதைப் பார்த்துத்தான் மகாராஷ்டிரம் சான்றிதழ் தருகிறது. அதற்குப் பிறகு வந்த நெல்லைக் குடும்பத்தின் பேரப்பிள்ளை மும்பையிலேயே பிறந்திருந்தாலும் இங்கே பொதுப்பிரிவில்தான் போட்டியிட வேண்டும். தமிழ்நாட்டிலோ அந்தத் தகுதி அப்படியே இருக்கிறது. ஆனால் அங்கே பள்ளி ஆண்டுகளைப் பார்க்கிறார்கள். மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே உண்டு. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அந்த ஏழு ஆண்டுகளைத்தான் கேட்கிறது. அப்படியானால், பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பம் போவதாக இருந்தால் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் போகவேண்டும். ஒன்பதாம் வகுப்பில் போனால் மராத்தியும் இந்தியும் கற்ற பிள்ளை திடீரென்று தமிழ்ப் பாடத்தோடு மல்லுக்கட்ட நேரும். அதற்கு ஈடாக இந்த இரண்டு சலுகைகளும் வராது. இருப்பதிலேயே மோசமான நேரம் அதுதான்.

தாராவிக்காரர்களுக்கு இன்னொரு தேதியும் முக்கியம். 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தப்புள்ளி அளித்து வென்ற மறுமேம்பாட்டுத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி, ஆனால் தாராவிக்கு வெளியே. அதற்கும் பிறகு வந்தவர்களுக்கும் மாடியறைகளில் இருப்பவர்களுக்கும் வெளியே வாடகைத் தவணை முறையில் வீடு. வெளியே என்பது எங்கே? தேவ்னார் குப்பைமேட்டு நிலமும் பாண்டுப், முலுண்ட் பக்கத்து உப்பள நிலமும் இதற்காகப் பேசப்படுகின்றன. பழைய தரைத்தள ஆவணம் கையில் உள்ள குடும்பம் தகுதிப் பட்டியல் இறுதியாகும் முன் ரேஷன் அட்டையையும் வாக்காளர் பதிவையும் ஊருக்கு மாற்றிக்கொண்டு போவது பெரும் பிழை. வாக்குறுதிகள் அப்படியே நிறைவேறும் என்று நம்பச் சொல்லவில்லை. 2004இலிருந்து இந்தத் திட்டம் எத்தனை முறை தடம்புரண்டது என்பது தாராவிக்குத் தெரியும். ஆனால் அந்த 350 சதுர அடி கைக்கு வர வாய்ப்பிருக்கும் வரை அதற்கான காகிதங்களை உயிரோடு வைத்திருக்க வேண்டும். யாராவது ஒருவர் இங்கேயே தங்கித்தான் அதைச் செய்ய முடியும்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கேள்வியின் குரலே வேறு. அங்கே பேசுபவர்கள் பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில். ஓய்வூதியம் எந்த ஊருக்கும் வந்துசேரும் என்பதால் ஸ்ரீரங்கமோ கோவையோ பாலக்காடோ அவர்களுக்கு எளிதான முடிவாகத் தோன்றுகிறது. வருமானம் மட்டும் என்றால் எளிதுதான். ஆனால் மாட்டுங்காவின் பழைய ‘பகடி’க் கட்டடங்களில் (முன்தொகை கொடுத்துக் குறைந்த வாடகையில் காலங்காலமாகக் குடியிருக்கும் முறை) இருப்பவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓராண்டு ஊரில் இருந்து பார்க்கலாம் என்று எண்ணினால், 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஒருமுறை படித்துவிட வேண்டும். தகுந்த காரணமின்றித் தொடர்ந்து ஆறு மாதம் பயன்படுத்தாத வீட்டிலிருந்து வாடகைதாரரை வெளியேற்ற வழக்குப் போட வீட்டுக்காரருக்கு அதில் இடமிருக்கிறது. செம்பூர், அணுசக்தி நகர்ப் பக்கத்து அரசுத் துறை ஓய்வாளர்களுக்குப் பழக்கமான மருத்துவத் திட்டமும் மருத்துவமனையும் பக்கத்திலேயே உள்ளன. எழுபது வயதுக்குமேல் அதைவிடப் பெரிய சொத்து இல்லை. சண்முகானந்தா சபாவின் கச்சேரியும் செட்டா நகர் முருகன் கோயிலும் போய்விடுமே என்ற ஏக்கம் உண்மையானதுதான், ஆனால் அவற்றுக்கு ஈடு சிறு நகரங்களிலும் உண்டு. முப்பது ஆண்டாக உடம்பை அறிந்த மருத்துவருக்கு ஈடு கிடைப்பது கடினம்.

காலம் மாறிவிட்டது, சிற்றூரிலேயே வேலை வந்துவிட்டது என்று ஒரு வலுவான மறுப்பு உண்டு. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2011இலிருந்து அலுவலகம் நடத்துகிறது. கங்கைகொண்டானில் டாட்டா குழுமத்தின் சூரியமின் தகடு ஆலை வந்திருக்கிறது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறக்கப்பட்டது. தென்மாவட்டங்கள் இதற்காக எத்தனையோ ஆண்டு காத்திருந்தன. இந்த மாற்றத்தைக் குறைத்துப் பேசுவது தவறு. டிப்ளமோவோ பொறியியலோ முடித்த இருபத்தைந்து வயது மும்பைத் தமிழ் இளைஞருக்கு இவை உண்மையான வாய்ப்புகள். நாற்பத்தைந்து வயது தோல் தையல்காரருக்கு அல்ல. அவர் போவதாக இருந்தால் தன் கைத்தொழிலுக்கு வேலை உள்ள ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ போவதுதான் பொருத்தம், அது அவருக்குச் சொந்த ஊராக இல்லாவிட்டாலும். இந்த வேறுபாட்டைத்தான் பல குடும்பங்கள் தவறவிடுகின்றன. சிறிய நகரம் வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் யோசிக்காமல் சொந்த ஊருக்கே டிக்கெட் எடுக்கிறார்கள். ஆதிதிராவிடக் குடும்பத்துக்குத் தாத்தாவின் தெருவைவிட, தன்னை யாரென்று அறியாத கோவையோ ஓசூரோ பல மடங்கு நல்லது.

இன்னொரு மறுப்பும் உண்டு: மும்பையே மக்களை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்? மும்பைத் தீவு நகரின் மக்கள்தொகை 2001இல் 33 லட்சமாக இருந்து 2011இல் 31 லட்சத்துக்கும் கீழே வந்தது. அதே பத்தாண்டில் புறநகர் மாவட்டம் 7 லட்சம் பேர் கூடி 93 லட்சத்தைத் தாண்டியது. மையத்தை விட்டாலும் மும்பையின் வேலைச் சந்தையை விடாமல் ரயில் பாதையை ஒட்டியே மக்கள் நகர்கிறார்கள் என்றுதான் இந்த எண்களைப் படிக்கத் தோன்றுகிறது. டோம்பிவிலி, பத்லாபூர் என்று போனவர்கள் தினமும் மூன்று மணிநேரம் ரயில் கூட்டத்தில் நசுங்குகிறார்கள். அது நல்ல வாழ்க்கை என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் வீட்டில் இரண்டு மூன்று பேர் சம்பாதிக்க அது வழிவிடுகிறது.

இவ்வளவும் சேர்த்துப் பார்க்கும்போது, ஊர் மாறுவது யாருக்கு அதிகம் பொருந்துகிறது என்றால், 2011க்குப் பிறகு வந்து மாடியறையில் வாடகைக்கு இருக்கும், பிள்ளைகள் இன்னும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத குடும்பத்துக்குத்தான். தாராவியில் அவர்களுக்கு உறுதியான உரிமை எதுவும் இல்லை. தமிழ்நாட்டிலோ பிள்ளைகளுக்கு முழு உரிமையும் காத்திருக்கிறது. அவர்களைவிடக் கடினமான நிலையில் இருப்பவர்கள் மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் எட்டாவதும் ஒன்பதாவதும் படிக்கும் பிள்ளைகள். தமிழிலேயே படிக்கிறார்கள், அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள், ஏழைகள்தான். ஆனால் பள்ளி மகாராஷ்டிரத்தில் இருப்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடும் புதுமைப்பெண்ணும் அவர்களுக்குக் கிடையாது. இங்கே அவர்களில் பலருக்குச் சாதிச் சான்றிதழும் செல்லாது. அந்தப் பள்ளிகளில் படித்த ஆண்டுகளைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆண்டுகளாகக் கணக்கில் எடுக்கத் தமிழ்நாடு அரசு விதிகளைத் திருத்தினால் போதும். எண்ணிக்கை சிறிது, செலவும் சிறிது. அது நடக்கும்வரை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை வைத்துக்கொண்டு பெட்டி கட்டும் பெற்றோர் பத்தாம் வகுப்புத் தேர்வை இங்கேயே முடிக்கவைத்து, தமிழ்நாட்டுப் பூர்வீகத்தைக் காட்டும் பிறப்பிடச் சான்றுக்கான ஆவணங்களை அதற்குள் சேர்த்துவைத்துக்கொண்டு புறப்படுவதுதான் நல்லது.