விரல் தள்ள இறங்கும் படக்கதை

எப்போது முடியும் என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போகும் எதையும் ‘கன்னித்தீவு மாதிரி’ என்று சொல்வது தேனியிலும் உண்டு, கம்பத்திலும் உண்டு. 1960-இல் தினத்தந்தியில் தொடங்கிய அந்தப் படக்கதை நாளுக்கு இரண்டு மூன்று கட்டமாகத்தான் நகர்ந்தது. மந்திரவாதி மூசா கையைத் தூக்கினால், சிந்துபாத் கதி என்ன ஆனது என்று அறிய மறுநாள் பேப்பர் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். இணையப் படக்கதையின் சூட்சுமமும் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

படக்கதையில் வரையாத இடத்துக்குத்தான் வேலை அதிகம். ஒரு கட்டத்தில் ஓங்கிய அரிவாள். அடுத்த கட்டத்தில் சாய்ந்து கிடக்கும் வாழை. வெட்டியதை யாரும் வரையவில்லை. நடுவில் உள்ள வெள்ளை இடைவெளியில் நம் மூளையே வெட்டிவிடுகிறது. அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்லவுட் 1993-இல், படக்கதை வடிவிலேயே எழுதிய நூலில் இதை விரித்துச் சொன்னார். 2000-இல் வந்த அடுத்த நூலில் இன்னும் ஒரு படி போனார்: கணினித் திரையைத் தாளாக நினைக்காதீர்கள், ஜன்னலாக நினையுங்கள், அதற்கு அப்பால் படம் எவ்வளவு தூரமும் நீளலாம்.

எரிக் மில்லிகின் 1985-லேயே கம்ப்யூசர்வ் வலையமைப்பில் படக்கதை வெளியிட்டிருந்தார். ஆனாலும் வெகுகாலம் இணையத்தில் வந்தவற்றில் பெரும்பாலானவை பத்திரிகைக் கட்டங்களைத் திரையில் ஒட்டியது போலத்தான் இருந்தன. அந்த வழக்கத்தை உடைத்தது தென்கொரியா. டாவும் நிறுவனம் 2003-இலும் நேவர் நிறுவனம் 2004-இலும் தொடங்கிய ‘வெப்டூன்’ சேவைகளில், பக்கம் புரட்டும் வேலை போய், மேலிருந்து கீழே இறங்கும் ஒரே நீளப் படமாகக் கதை மாறியது. பின்னால் ஸ்மார்ட்போன் வந்ததும் அந்த வடிவம் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திவிட்டது. 2014-இல் ககாவோ பேஜ் என்ற கொரியத் தளம் காத்திருப்பையே வியாபாரமாக்கியது. பொறுமையாக இருந்தால் அடுத்த அத்தியாயம் இலவசம்; அவசரமென்றால் காசு.

இந்த நீளப் படத்தில் இடைவெளிதான் கடிகாரம். இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஓவியர் எவ்வளவு வெற்றிடம் விடுகிறாரோ, அவ்வளவு நேரம் நம் விரல் தள்ளிக்கொண்டிருக்கும். பயமோ மௌனமோ அங்கேதான் உருவாகிறது.

கம்பம் பள்ளத்தாக்கைப் போல இதற்கு வாகான களம் எனக்குத் தெரிந்து வேறில்லை. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தில் நுழைகிறது. இந்தப் பக்கம் வெளிப்பட்டு, குமுளி மலைச்சாலையில் போகிறவர்கள் பார்க்கும் அந்த ராட்சதக் குழாய்களில் செங்குத்தாக விழுந்து, லோயர்கேம்ப் மின்நிலையச் சுழலிகளைச் சுற்றிவிட்டு, முல்லையாறாகக் கூடலூர், கம்பம் வயல்களுக்குப் போகிறது. புத்தகப் பக்கத்தில் இதை வரைந்தால் மலையை நான்கு கட்டமாகத் துண்டு போட வேண்டும். போனில் மலை முழுசாக நிற்கும். சுரங்கத்துக்கு விரல் தள்ளத் தள்ள வெறும் கறுப்பு. பிறகு குழாயின் சரிவு. கடைசியில் நாற்று நட்ட வயல். வாசகரின் விரலே தண்ணீரை இறக்கும். அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கும் ஊர்களின் பிள்ளைகள் இப்படி ஒரு கதையைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

தமிழில் படக்கதைக்கு வாசகர் பஞ்சம் இருந்ததில்லை. 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984-இல் வந்த லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து தலைமுறைகளையே வளர்த்தன. காட்டுயிர்களை வைத்து ரோஹன் சக்ரவர்த்தி ‘கிரீன் ஹ்யூமர்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வரைபவை இணையம் வழியாகவே பரவின. தமிழிலேயே யோசித்து, போனுக்கென்றே வரையும் கதைகள் இன்னும் பெருகவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பெருகும்போது எழுத்தைக் கவனிக்க வேண்டும். ஜேபெக் கோப்பு, படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, நுணுக்கமான விவரங்களைக் கழித்துத்தான் அளவைக் குறைக்கிறது. வானம், மலை போன்றவற்றுக்கு அதனால் பெரிய சேதமில்லை. கூர்மையான மைக்கோட்டைச் சுற்றியோ அழுக்குப் படிந்தது போலக் கலங்கும். வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ‘ம்’ எழுத்தின் மேலிருக்கும் புள்ளி கரைந்து, ‘ம’ மட்டும் நிற்கும். பேச்சுக்குமிழியும் நமக்குச் சிக்கல்தான். ‘சொல்லிக்கொண்டிருந்தார்களாம்’ ஒரே சொல்; ஆங்கிலத்துக்காக வரைந்த குமிழிக்குள் அது அடங்காது. படம் வரையும் செயற்கை நுண்ணறிவும் தமிழ் எழுத்தில் தடுமாறக்கூடும். அதனிடம் வசனத்தை ஒப்படைக்காமல் இருப்பதே நல்லது.

வழி இருக்கிறது. வசனத்தைப் படத்தோடு சேர்த்து உறைய வைக்காமல், யூனிகோடு எழுத்தாகத் தனி அடுக்கில் வைக்கலாம். படம் சுருங்கினாலும் எழுத்து கலங்காது, தேடினால் கிடைக்கும். பார்வையற்றவருக்குப் போன் அதை வாசித்துக் காட்டும்; கூடவே காட்சி விவரிப்பையும் எழுதிச் சேர்த்தால் அவருக்கும் முழுக் கதையும் கிடைத்துவிடும். லோயர்கேம்ப் தண்ணீர்க் கதையின் அடுக்கை மட்டும் மாற்றினால், மலைக்கு அந்தப் பக்கம் குமுளியில் இருப்பவர் அதே படத்தை மலையாளத்தில் படிக்கலாம்.