உங்களுக்குத் தெரியுமா? சாய்ந்ததா, சாய்த்தார்களா?

ஜொகூர், குளுவாங் பக்கம் ஒரு செம்பனை காற்றில் தானாக விழுந்தால் ஆங்கிலத்தில் அது ‘ஃபால்’. சுமார் 25 வயதான மரத்தை மறுநடவுக்காக இயந்திரம் வைத்துத் தள்ளினால் ‘ஃபெல்’. வம்பு எங்கே என்றால், ‘ஃபால்’ இறந்தகாலத்துக்குப் போனதும் அதுவும் ‘ஃபெல்’ ஆகிவிடும்! தள்ளியதற்கு இறந்தகாலம் ‘ஃபெல்ட்’. தன்வினையின் உயிரொலியை மாற்றிப் பிறவினை ஆக்கிய பழைய வழக்கத்தின் மிச்சம் இந்த ‘ஃபால்’, ‘ஃபெல்’ சோடி. உட்காரும் ‘சிட்’டும் வைக்கும் ‘செட்’டும் அதே வகைச் சோடிதான். மலாய்க்காரருக்குச் சிரமமில்லை: ‘தும்பாங்’ என்றால் மரம் சாயும், பின்னால் ‘கான்’ ஒட்டினால் சாய்ப்பார்கள். தமிழுக்கோ ஒரு மெய்யெழுத்தே போதும். மரம் சாய்ந்தது, மரத்தைச் சாய்த்தது.