பழைய கிதார், புதிய நாதம்

ஃபென்டர் நிறுவனம் 1954இல் அறிமுகப்படுத்திய ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வடிவத்தை, அதன் துணை வணிகப் பெயரான ஸ்குவையர் குறைந்த விலையில் வழங்குகிறது. பயன்படுத்திய கிதாராயின் செலவு மேலும் குறையும். ஆயினும் கையிலுள்ள தொகை முழுவதையும் விலையாகத் தந்துவிடாமல், ஒரு பங்கைச் சீரமைப்புக்கென ஒதுக்குவதே அறிவுடைமை.

வாங்குமுன், தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்திப் பாருங்கள். நடுவில் மயிரிழை இடைவெளி இருப்பது நன்று. சற்றே மிகுந்தால் கழுத்தினுள் இருக்கும் உலோகத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்ட கழுத்தெனில் தவிர்த்துவிடுங்கள். ஒலிக்குமிழைத் திருப்புகையில் எழும் கரகரப்பு பெரும்பாலும் தூசியால் விளைவது. துப்புரவு செய்தால் நீங்கும்.

மேம்பாட்டில் வரிசை முக்கியம். முதலில் புதிய தந்திகளும் அவற்றின் உயரச் சீரமைப்பும், அடுத்து, சுருதி நில்லாவிடின், முறுக்காணிகள், பிக்கப் இறுதியில்தான். சுருதி சேராத கிதாரில் விலையுயர்ந்த பிக்கப் குறையையே உரக்க ஒலிக்கும்.

மேம்பாட்டுச் செலவு மறுவிற்பனையில் முழுமையாகத் திரும்புவது அரிது. எனவே கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது அவற்றையே மீண்டும் பொருத்திவிட்டு, புதியவற்றை அடுத்த கிதாருக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வாசித்துப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். விற்பவராயின் ஒன்றை மறவாதீர்கள்: பணம் பெறுவதற்கு யூபிஐ ரகசிய எண் தேவையில்லை.