காதுக்கு ஒரு கதவு



ஒர்க்ஷாப்பில் கிரைண்டர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. ஆனால் காதை மூடும் ஹெட்போனையோ இயர்மஃப்பையோ மாட்டியதும் இரைச்சல் அடங்கிவிடுகிறது. எப்படி? கரண்டே தேவையில்லை. மூன்று பொருள்கள்தான் வேலை செய்கின்றன.

முதலாவது, கெட்டியான பிளாஸ்டிக் கிண்ணம். ஒலி என்பது காற்றின் அதிர்வு. கனமான பொருளை அசைக்க அதற்குச் சக்தி போதாது. பெரும்பகுதி மோதித் திரும்பிவிடும். தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது கேட்கிறது, செங்கல் சுவர் என்றால் கேட்பதில்லை, அதே கதைதான்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு. மீறி நுழைந்த ஒலி அதன் துளைகளில் உரசி வெப்பமாகக் கரைந்துவிடுகிறது.

மூன்றாவது, காதைச் சுற்றி அமரும் மெத்தை. இதுதான் முக்கியம்! ஜன்னலைச் சாத்தினாலும் சின்னச் சந்து இருந்தால் தெருச்சத்தம் வருமே, அதுபோலத்தான். மூக்குக்கண்ணாடிக் காம்போ தலைமுடியோ நடுவில் மாட்டினால் பாதிப் பலன் போச்சு.

'கீச்' சத்தம் எளிதில் அடங்கும். ஜெனரேட்டரின் 'கும்' சத்தம் அடங்காது. மெத்தை ஸ்பிரிங் மாதிரி அமுங்க, கிண்ணத்தையே சேர்த்து ஆட்டிவிடும். மைக் வைத்து எதிர் அலை உண்டாக்கும் ஹெட்போன்கள் வந்தது இதற்காகத்தான்.

இனி கணக்கு. 10 டெசிபல் குறைந்தால் ஒலியின் சக்தி பத்தில் ஒரு பங்கு. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படியானால் 100 டெசிபலில் 15 நிமிஷம்தான்!

எங்க அப்பா விசைத்தறியில் தினம் ஒரு ஷிப்ட் நிற்பவர். "காதுல பஞ்சு வெச்சிருக்கேன்டா, போதும்" என்பார். இப்போது இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறார். பஞ்சில் காற்று புகும், ஒலியும் புகும். உருட்டிக் காதுக்குள் வைத்தால் விரிந்து அடைக்கும் ஃபோம் பிளக் அப்படியல்ல. டெசிபல் கணக்கை எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அப்பாவுக்கு அதைத்தான் வாங்கித் தந்திருக்கிறேன்.

உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆகவே நண்பர்களே, நாளை வேலைக்குச் சேரும் இடத்தில் இரைச்சல் இருந்தால், முதல் நாளே இயர்மஃப் கேளுங்கள். வெட்கம் வேண்டாம்.