'ஐயோ'வும் 'ஆங்'கும்

விராலிமலைக்குப் போய் வந்தவர்கள் மயிலின் குரலைக் கேட்டிருப்பார்கள். முருகன் கோயில் மலையைச் சுற்றிலும் மயில்கள். மயில் கத்துவதை 'அகவுதல்' என்றனர் தமிழர். ஆசிரியப்பாவின் ஓசைக்கும் 'அகவல்' என்றே பெயர். விராலிமலை மயிலும் மைசூர் மயிலும் ஒரே மாதிரிதான் அகவுகின்றன. ஆனால், இந்தப் பக்கத்துக் குவாரியிலே கல்லுடைக்கும் தோழரின் விரலில் சம்மட்டி பட்டுவிட்டால் 'ஐயோ', 'அம்மா' என்கிறார். இங்கிலாந்துத் தொழிலாளி 'அவுச்' என்கிறான். வலி ஒன்று, குரல் ஏன் வேறு?

இயற்கையாகப் பீறிட்ட கூச்சல்தான் மொழியாக வளர்ந்தது என்று சொன்னவர்கள் உண்டு. 1861-இல் மாக்சு முல்லர் அந்தக் கொள்கைக்குக் கேலிப் பெயர் சூட்டிச் சிரித்தார். பின்னர், 1877-இல், லூத்விக் நுவாரே என்ற செர்மானியர், மனிதர் கூடிப் பாடுபட்டபோது எழுப்பிய ஓசையிலிருந்தே மொழி பிறந்தது என்றார். படகு தள்ளுவோரின் 'ஏலேலோ'வையும், பாரம் இழுப்போரின் 'ஐலசா'வையும் கேட்ட நமக்கு இந்தக் கொள்கைமேல் ஒரு பாசம் வரத்தான் செய்கிறது. பாசம் சான்றாகாது, அது வேறு செய்தி.

நம் வியப்புச் சொற்களைப் பிரித்துப் பாருங்கள். 'ஐய' என்பதோடு விளிக்கும் 'ஓ' சேர்ந்து 'ஐயோ' ஆயிற்று என்று கொள்வதே பொருத்தம். 'அம்மா', 'அப்பா' வெளிப்படை. 'அடேங்கப்பா' என்பது 'அடே, எங்கள் அப்பா'. நம் தாய்மார் சொல்லும் 'அடியாத்தி'யில் 'ஆத்தா' இருக்கிறாள். அடிபட்டாலும் அதிசயப்பட்டாலும் தமிழன் பெற்றவர்களைக் கூப்பிடுகிறான். வெறும் கூச்சலா இது? துணைக்கு ஆள் அழைக்கும் குரல்! தெலுங்கரும் கன்னடியரும் மலையாளிகளும் சிங்களவருங்கூட 'ஐயோ' என்கிறார்கள். 2016-இல் ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியிலும் அது இடம்பெற்றது.

பள்ளிக்கூட இலக்கணத்தில் இவற்றுக்கு ஓர் ஓரந்தான் கிடைக்கிறது. தொல்காப்பியர் அப்படி ஒதுக்கவில்லை. 'அந்தோ' போன்றவை குறிப்பினால் பொருள் தருவன என்று இடையியலில் சொன்னார். 'ஐ' என்றால் வியப்பு என்று உரியியலில் எழுதினார். அழைக்கும் முறைக்கென்றே விளிமரபு என்று தனி இயல் வகுத்தார். சொல் ஒன்றுதான், சொல்லும் தொனியிலே பொருள் மாறும் என்பதை அவர் கண்டிருக்கிறார். 'ஆகா' என்பதை வியந்தும் சொல்லலாம், நையாண்டியாகவும் சொல்லலாம். மேடைப் பேச்சாளருக்கு இது நன்றாகத் தெரியும்!

பாராட்டும் சொற்களில் சில மேலிருந்து வந்தவை. 'சபாஷ்' பாரசீகச் சொல். 'மகிழ்ந்திரு' என்பது அதன் முதற்பொருள். 'பேஷ்' அதே வழியில் வந்தது. 'பலே' வடக்கேயிருந்து வந்தது. அரண்மனையிலும் சமீன் மாளிகையிலும் சாய்ந்திருந்தவர்கள் ஆடியவரையும் பாடியவரையும் பார்த்து வீசிய சொற்கள். விராலிமலையோ சதிராட்டத்துக்குப் பேர்போன ஊர். இவ்வூர்ச் சதிர்க் கலைஞர் முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 'பேஷ்' என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர்களை எண்ணினால், விருது வர எத்தனை காலம் ஆகியிருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

2019 சனவரி 20 அன்று இதே ஊரில் 1353 காளைகள் அவிழ்த்துவிடப்பட்ட சல்லிக்கட்டு நடந்தது. அங்கே 'அடேங்கப்பா' என்று கூவ எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படியா? 'ஏய்', 'டேய்' என்ற விளிகளைக் கவனியுங்கள். நண்பர் இருவர் ஒருவரையொருவர் 'டேய்' என்றால் அது அன்பு. பண்ணையாரின் பிள்ளை, தன் தாத்தா வயதுள்ள உழவரை 'டேய்' என்றால்? மறுமொழியாக அந்த முதியவர் 'சாமி' என்று குனிய வேண்டுமென்றால்? விளிமரபு நாட்டிலே இப்படியும் ஒரு மரபு வளர்ந்தது. அவருக்குப் பெயரில்லையா? இருந்தது, கூப்பிடத்தான் ஆளில்லை.

மொழியறிஞர் மூவர் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். மற்றவர் சொன்னது காதில் விழாதபோது 'ஆங்?' என்று கேட்கிறோமே, அதையொத்த குறுஞ்சொல்லை அவர்கள் ஆராய்ந்த 31 மொழிகளிலும் கண்டனர். மயிலின் அகவல்போல் பிறவியிலேயே வருவதன்று அது. ஒவ்வொரு மொழியாரும் தத்தம் மொழியில் கற்றுக்கொள்ளும் சொல்தான் என்றும் விளக்கினர். 'சொன்னது புரியவில்லை, திரும்பச் சொல்' என்பதே அதன் பொருள். எளிய சொல்! ஆனால் முதலாளி முன்னால் அதைச் சொன்னால் திமிர் என்றார்கள். 'எசமான்?' என்று இழுத்துக் கேட்க வேண்டும். இல்லையேல் புரிந்ததுபோல் தலையாட்ட வேண்டும். கூலிக் கணக்கு வாசிக்கப்படும் நேரத்தில், புரியாமல் ஆட்டிய தலைக்கு எத்தனை ரூபாய் குறைந்தது என்பதை எந்த அகராதியும் குறித்து வைக்கவில்லை. இன்று குவாரி வாசலில் மேஸ்திரி சிட்டையைப் புரட்டித் தொகையை வேகமாக வாசிக்கும்போது, வரிசையில் நிற்கும் தோழர் நிமிர்ந்து 'ஆங்?' என்கிறார். மேஸ்திரி மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கிறார்.