தொலைவில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு சாவி!

திருப்பூர் என்றதும் நினைவுக்கு வருவது பனியன். நூல் வாங்கி, நிட்டிங் செய்து, சாயம் ஏற்றி, வெட்டித் தைத்து, தூத்துக்குடி துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள்.

எந்த ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது? யாருக்கு எவ்வளவு கூலி? இந்தக் கணக்கை எல்லாம் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கம்பெனிகள் பல. அந்தக் கம்ப்யூட்டர் சென்னையிலோ, மும்பையிலோகூட இருக்கலாம். அதற்கு 'சர்வர்' என்று பெயர்.

அது மக்கர் செய்தால் ரெயில் ஏறிப் போக வேண்டுமா? வேண்டாம்! திருப்பூரில், மேஜை முன் உட்கார்ந்தபடியே அதைத் திறந்து சரி செய்யலாம். அதற்கு உதவும் கருவிகளில் ஒன்று 'பட்டி'. சுவரில் பூசும் பட்டி அல்ல. இது கம்ப்யூட்டர் பட்டி!

தபால் கார்டு போல...

முன்பு 'டெல்நெட்' என்ற முறை இருந்தது. அதில் ரகசியச் சொல், தபால் கார்டில் எழுதிய சேதி போலப் போகும். வழியில் யாரும் படித்து விடலாம்.

1995-ம் ஆண்டு, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் ரகசியச் சொற்கள் திருடு போயின. அங்கு ஆராய்ச்சி செய்து வந்த டாட்டு இலோனன் சும்மா இருக்கவில்லை. சேதியைப் பூட்டி அனுப்பும் 'எஸ்.எஸ்.எச்.' முறையை உருவாக்கி, இலவசமாகக் கொடுத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் 20 ஆயிரம் பேர் அதைப் பயன்படுத்தினார்கள்.

அந்த முறையில் இயங்குவதுதான் 'பட்டி'. இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் டேத்தம் இதை எழுதி, 1999-ல் வெளியிட்டார். இதுவும் இலவசமே. சர்வரின் விலாசத்தை ஒரு பெயரிட்டு இதில் பத்திரப்படுத்தலாம். மறுமுறை அந்தப் பெயரைத் தொட்டால் போதும்.

கைரேகை பாருங்கள்!

ஒரு சர்வரை முதன்முதலில் திறக்கும்போது, 'பட்டி' அதன் கைரேகையைக் காட்டும். கைரேகை என்பது சில எழுத்துகளும் எண்களும்தான். "இதை நம்பலாமா?" என்று கேட்கும். பலர் படிக்காமலே 'சரி' என்று அழுத்தி விடுகிறார்கள். அது ஆபத்து. சர்வரைப் பராமரிப்பவரிடம் கைரேகையை முன்பே கேட்டு வாங்கி, ஒத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு ஒரு நாள் கைரேகை மாறினால் 'பட்டி' எச்சரிக்கும். சர்வரை மாற்றி இருக்கலாம். அல்லது நடுவில் திருடன் நிற்கலாம்! போனில் விசாரித்த பிறகே திறக்க வேண்டும்.

கருவியிலும் போலி உண்டு. 2012-ம் ஆண்டு, சீன மொழியில் வந்த போலிப் 'பட்டி'கள் ரகசியச் சொற்களைத் திருடின. ஆகவே, உருவாக்கியவரின் சொந்த இணையதளத்தில் இருந்தே எடுக்க வேண்டும்.

வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் யாரும் கொடுப்பதில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கூலிக் கணக்கு இருக்கும் பெட்டியின் சாவியை மட்டும் கொடுக்கலாமா?