மணலை வென்ற மட்டை

கோல்ப் மைதானத்தில் மணல் பள்ளங்கள் உண்டு. பந்து அதில் விழுந்தால் பெரிய ஆட்டக்காரருக்கும் வியர்த்து விடும்!

அமெரிக்க வீரர் ஜீன் சாரசனுக்கும் அதே தொல்லை. அவருடைய மட்டையின் விளிம்பு கத்தி போல் மணலில் புதைந்தது. என்ன செய்தார் தெரியுமா? மட்டையின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்துத் தடிப்பாக்கினார். பிறகு அது புதையவில்லை; மணலில் வழுக்கிச் சென்றது.

1932-ம் ஆண்டு. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி. முன்பே பார்த்தால் தடை செய்து விடுவார்களோ என்று பயந்து, மட்டையை மறைத்தே வைத்திருந்தார் சாரசன். அடுத்தவரை விட 5 அடி குறைவாக அடித்துக் கோப்பையை வென்றார்!

அந்த மட்டைதான் இன்றைய 'சாண்ட் வெட்ஜ்'. அதன் முகம் சுமார் 56 டிகிரி சாய்ந்திருக்கும். சாய்வு கூடினால் பந்து உயரும், தூரம் குறையும். 'பிட்சிங் வெட்ஜ்' 46 டிகிரி என்றால், இரண்டுக்கும் நடுவே 51 டிகிரியில் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் நடுத்தரத் தூரத்துக்கு மட்டை இராது. 60 டிகிரி மட்டைக்குப் புதியவர்கள் ஆசைப்பட வேண்டாம். பந்து மேலே போகும், முன்னே போகாது!

அடிப்பது எப்படி? புல்லில் முதலில் பந்து, பிறகு தரை. மணலில் நேர்மாறு. பந்துக்கு 2 அங்குலம் பின்னால் மணலை அடிக்க வேண்டும். மணலே பந்தைத் தூக்கி வெளியே போட்டுவிடும்.